சன்னம் நிற்கும் இடம்

பேசாலை,
மன்னார்.
8.2.1998

அன்புள்ள தம்பி பென்ஜமின்,

மாதாவின் துணையால் இங்கே நாங்கள் மூன்று பேரும் சுகம். நீயும் பிறேமாவும் அந்தக் குளிருக்குள் எப்படி இருக்கிறீர்கள் என்று அறிந்தால்தான் எனக்கு மனம் ஆறும்.

நிற்க, நத்தாருக்கு நீ போட்ட கடிதம் தை முடிவில்தான் கிடைத்தது. உறையைப் பிரித்து ஒட்டியிருக்கிறார்கள். பிரித்தவர்களுக்கு என்ன கிடைத்தது? பனி கொட்டுகிறது, பிறேமாவுக்குத் தடிமன், தும்மல் என்று எழுதியிருந்தாய். அதை வாசித்து அவர்களுக்கும் குளிர்ந்திருக்கும்.

சின்னவள் சாண்ட்ராவை இந்த வருடம் மன்னாரில் கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருக்கிறேன். பக்கத்து வீட்டு றோசம்மா அக்கா தன் பேத்தியோடு சேர்த்து இவளையும் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போய் வருகிறா. அத்தான் சுகம். சங்கக்கடைக்குப் போய் வருகிறார்.

இன்னொரு விசயம். நீ சவுக்காரம் செய்கிற இடத்தில் வேலை என்று வருடக்கணக்காகச் சொல்கிறாய். ஒரு கட்டி அனுப்பியிருக்கிறாயா? இங்கே சங்கத்தில் வருகிற சவுக்காரம் தண்ணீர் பட்டதும் கரைந்து போகிறது. றோசம்மா அக்கா, "தம்பி சவுக்காரக் கொம்பனியிலை, அக்கா ஊத்தையோடை" என்று பகிடி பண்ணுகிறா. ஒரு பார்சல் போட்டுவிடு.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா,
கொறற்றி


மியூனிக்
15.3.1998

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் இருவரும் நல்ல சுகம். பிறேமாவின் தடிமன் மாறி, அவள் திரும்பவும் ஆஸ்பத்திரிச் சலவைக்கு வேலைக்குப் போகிறாள். நீங்களும் அத்தானும் சாண்ட்ராவும் நோய்நொடி இல்லாமல் இருக்கத் தினமும் மன்றாடுகிறோம்.

சவுக்காரம் ஒரு பெட்டி கப்பலில் வருகிறது. றோசம்மா அக்காவுக்கும் கொடுங்கள், வாயை மூடட்டும். ஆனால் அது கடையில் வாங்கியது. எங்கள் இடத்தில் செய்வது குளிக்கிற சவுக்காரம் இல்லை, அக்கா. பெரிய பெரிய கட்டிகளாக வார்ப்போம். அது வேறு தேவைக்குப் போகும். மேலில் தேய்க்க உதவாது.

அத்தானைப் பற்றி ஒரு வரிதான் எழுதுகிறீர்கள். முன்பு உங்கள் கடிதத்தின் அடியில் அவரும் நாலு வரி எழுதுவார். ஊர்ப் பெடியளின் பந்தடி ஆட்டத்தைப் பற்றியாவது எழுதுவார். இப்போது அதுவும் இல்லை. சாண்ட்ராவை ஏன் அயலட்டையோடு அனுப்புகிறீர்கள்? அத்தானே கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து கடையைத் திறக்கலாமே.

குளிர் குறைந்துவிட்டது. ஆற்றங்கரையில் ஆட்கள் வெயிலுக்குச் சட்டையைக் கழற்றிப்போட்டுப் படுக்கத் தொடங்கிவிட்டார்கள். நமக்கு அது இன்னும் மேற்சட்டை போடுகிற காலம்.

அன்புத் தம்பி,
பென்ஜமின்


பேசாலை
12.5.1998

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதமும் பெட்டியும் கிடைத்தன. நாங்கள் கர்த்தர் கிருபையில் இருக்கிறோம். உங்கள் இருவரின் சுகத்துக்கும் குறைவு வரக்கூடாது.

சவுக்காரம் நல்ல வாசம். சாண்ட்ரா ஒரு கட்டியைக் கரைக்க விடாமல் உடுப்புப் பெட்டிக்குள் வைத்திருக்கிறாள்.

சித்திரையில் யோசப்பினுக்கு ஆண்டுப் பூசை கொடுத்தேன். ஆறு வருடம் ஆகிவிட்டது. இருந்தால் பன்னிரண்டு வயது, என் தோளளவு வந்திருப்பாள். சுவாமியார் பெயரைச் சொல்லி மன்றாடினார். மன்னார் பஸ் நிலையத்துப் பக்கம் நான் இன்னும் போவதில்லை. ஒரு பிஸ்ரல், ஒரு வெடி. யார் சுட்டது, யாருக்குச் சுட்டது என்று இன்றுவரை ஒருவரும் சொல்லவில்லை. யாருக்கோ வைத்தது என் பிள்ளைக்கு வந்தது.

அத்தான் சுகம். பின்னறையில்தான் படுக்கிறார். அங்கே காற்று வரும் என்று.

கலியாணப் படத்துக்குப் பிறகு உன் முகத்தை நான் பார்க்கவில்லை. மெலிந்துவிட்டாய் என்று யாரோ சொன்னார்கள். வேலையிடத்தில் நிற்கிற மாதிரி ஒரு படம் எடுத்து அனுப்பு.

அன்பு அக்கா,
கொறற்றி


மியூனிக்
21.6.1998

அன்புள்ள அக்காவுக்கு,

இரண்டு பேரும் சுகம். நீங்கள் எல்லோரும் அப்படியே இருக்க வேண்டும்.

படம் வைத்திருக்கிறேன். வேலையிடத்தில் ஒருவருடைய பிறந்தநாளுக்கு எடுத்தது. கேக் வெட்டுகிறவர் எங்கள் சாரதி. வலப்பக்கம் வெள்ளை மேலங்கியோடு நிற்பது நான். மெலியவில்லை, பாருங்கள். வயிறு வைத்துவிட்டது.

யோசப்பினுக்காக இங்கேயும் தமிழ்ப் பூசையில் மன்றாடினோம். அவளைப் பற்றி எழுத நினைத்தால் எனக்குக் கை ஓடுவதில்லை, அக்கா. குறை நினைக்க வேண்டாம்.

அன்புத் தம்பி,
பென்ஜமின்


பேசாலை
2.8.1998

அன்புள்ள பென்ஜமின்,

நீரும் பிறேமாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எல்லோருக்கும் சுகம். கனகாலம் நான் உமக்கு எழுதவில்லை. மன்னிக்கவும்.

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடாமல், கொழும்புக்குப் போகிற எங்கள் சுவாமியாரிடம் கொடுத்துவிடுகிறேன். உறையில் உள்ள கொழும்பு விலாசத்துக்கே பதில் எழுதும். அவர் வரும்போது என் கையில் தருவார். நான் எழுதுவது உமது அக்காவுக்குத் தெரியாது.

நீர் அனுப்பிய படத்தைக் கொறற்றி கண்ணாடி அலுமாரியில் வைத்திருக்கிறா. வருகிறவர்கள் எல்லோரும் உம்மைப் பார்க்கிறார்கள். நான் உமக்குப் பின்னால் இருக்கும் மேசையைப் பார்த்தேன். அதில் மஞ்சள் நிறக் கட்டி ஒன்று நீளவாக்கில் பாதியாக வெட்டி வைத்திருக்கிறது. அதன் நடுவில் ஒரு பாதை போகிறது. இந்தப் பக்கம் சிறிதாகப் புகுந்து, உள்ளே அகன்று, அந்தப் பக்கத்தால் வெளியே போயிருக்கிறது.

எனக்கும் இடுப்புக்கு மேலே முன்னுக்கு ஒரு சின்னத் தழும்பு, பின்னுக்கு ஒரு பெரிய தழும்பு இருக்கிறது. அது உமக்குத் தெரியும்.

தம்பி, அது சவுக்காரக் கொம்பனி இல்லை. நீர் அங்கே என்ன வேலை செய்கிறீர்?

கோபத்தில் கேட்கவில்லை. அறிய வேண்டும், அவ்வளவுதான்.

அன்பு அத்தான்,
ஜேசுரட்ணம்


மியூனிக்
18.10.1998

அன்புள்ள அத்தானுக்கு,

நாங்கள் சுகம். நீங்களும் சுகமாக இருக்க வேண்டும் என்று வழக்கமாக எழுதுவதைவிட இன்றைக்கு மனதார எழுதுகிறேன்.

உங்கள் கடிதம் ஆவணி கடைசியிலேயே வந்துவிட்டது. எழுதுவதும் கிழிப்பதுமாக நாள் போய்விட்டது. பிறேமாதான், "கேட்டவர் வேறை ஆர்? உங்கடை அத்தான்தானே. உள்ளதை எழுதுங்கோ" என்றாள்.

நான் வேலை செய்வது ரவைகளைப் பரிசோதிக்கும் ஒரு நிலையத்தில். பொலிஸ்காரர் தற்காப்புக்குப் பாவிக்கும் பிஸ்ரல் ரவைகள். இப்போது அவர்கள் வைத்திருக்கும் ரவையின் சன்னம், அதாவது வெடித்ததும் பறந்துபோகிற முனை, முழுக்க உலோக உறை போட்டது. அது உடம்புக்குள் போனாலும் வடிவம் மாறாது. அதனால் நிற்காது. பட்டவரைத் தாண்டிப் போய்ப் பின்னால் நிற்பவரையும் பிடிக்கும். வேறோர் ஊரில், கத்தியோடு பாய்ந்த ஒருவனைப் பொலிஸ்காரர் சுட, சன்னம் அவனைத் தாண்டி, ட்ராமுக்குக் காத்துநின்ற ஒரு பெண்ணில் பட்டிருக்கிறது. அதற்குப் பிறகு, பட்ட ஆளிலேயே நின்றுவிடுகிற ரவை ஒன்றைத் தெரிந்தெடுக்கப் பார்க்கிறார்கள். பல கொம்பனிகளின் ரவைகள் எங்களிடம் வருகின்றன.

சவுக்காரம் என்பது பொய் இல்லை. சதைக்கு ஈடாக ஒருவகைச் சவுக்காரத்தையும் ஜெலற்றினையும் கட்டிகளாக வார்க்கிறோம். வார்ப்பதுதான் என் வேலை. அதில் சுட்டு, வெட்டி, பாதையை அளப்பார்கள். அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சி முடித்தபோது வேலை எங்கே கிடைத்தாலும் போகிற நிலைமை எனக்கு. முதல் நாள் அந்த வெட்டிய கட்டியைப் பார்த்துவிட்டு வெளியே வந்து வாசலில் நின்றேன். யோசப்பின் போய் அப்போது ஒரு வருடம்கூட முடியவில்லை.

எப்படி அக்காவுக்கு எழுதுவேன்? கடிதங்களை உடைத்துப் பார்க்கிறார்கள் என்பது ஒரு காரணம். அது சின்னக் காரணம்.

அன்பு மைத்துனன்,
பென்ஜமின்


பேசாலை
29.11.1998

அன்புள்ள பென்ஜமின்,

சுவாமியார் உமது கடிதத்தைத் தந்தார். சுகமாக இருக்கிறோம். மழை தொடங்கிவிட்டது, கடல் ஏறி அடிக்கிறது, கடையில் சனம் குறைவு. அதனால் ஆறுதலாக எழுதுகிறேன்.

அன்றைக்கு நடந்ததை நான் ஒருவருக்கும் முழுதாகச் சொன்னதில்லை. யோசப்பினுக்குச் சப்பாத்து வாங்கிக்கொண்டு பஸ் நிலையத்தில் நின்றோம். ஒருவன் ஓடிவந்தான். பின்னால் இன்னொருவன் கையில் பிஸ்ரலோடு. சனம் நாலு பக்கமும் தெறித்தது. நான் பிள்ளையைச் சுவரோடு தள்ளி, அவளுக்கு முன்னால் நின்றேன். அவள் என் சாரத்தைப் பின்னால் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பிடி எனக்கு இப்போதும் தெரிகிறது. வெடி கேட்டது. இடுப்புப் பக்கம் யாரோ குத்தின மாதிரி இருந்தது. நான் விழவில்லை. எனக்குத்தான் பட்டது, பிள்ளை தப்பிவிட்டாள் என்று நினைத்தேன். பிறகு சாரத்தின் பிடி விட்டுப்போனது.

ஆஸ்பத்திரியில் என்னைப் பார்க்க வந்தவர்களில் ஒருவன், நான் மயக்கம் என்று நினைத்து மற்றவனிடம் சொன்னான்: "ஆள் விலகியிருக்கிறான். நேரை நிண்டிருந்தால் நடு உடம்பிலை எல்லோ பட்டிருக்கும்? ஓரத்திலை ஏன் படுது?" கதவடியில் கொறற்றி தண்ணீர்ப் போத்தலோடு நின்றா. அவவும் கேட்டா. அவ கேட்டதை நான் கண்டேன்.

அதற்குப் பிறகு அவ என்னை ஒன்றும் கேட்கவில்லை. சோறு போடுவா, உடுப்புத் தோய்ப்பா, ஒரு குறையும் இல்லை. கேட்டிருந்தால் நல்லது. சின்னவளைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்க எனக்கும் துணிவு இல்லை, அவவுக்கும் விருப்பம் இல்லை.

நான் விலகினேனா என்று எனக்கே தெரியாது, தம்பி. விலகவில்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் வெடிச் சத்தத்துக்கு உடம்பு தன்பாட்டில் என்ன செய்தது என்று எப்படிச் சொல்ல ஏலும்?

நீர் அந்தக் கட்டிகளோடு வேலை செய்கிறவர். உம்மிடம் ஒன்று கேட்கிறேன். நான் அசையாமல் நின்றிருந்தால், அது என்னோடு நின்றிருக்குமா?

அன்பு அத்தான்,
ஜேசுரட்ணம்


மியூனிக்
17.1.1999

அன்புள்ள அத்தானுக்கு,

புதிய வருடம் உங்கள் மூவருக்கும் நன்மை கொண்டுவரட்டும். நாங்கள் சுகம்.

நீங்கள் கேட்டதற்குப் பதில் வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமையே எனக்குத் தெரியும். ஆனால் வெறுமனே எழுதினால், ஆறுதலுக்குச் சொல்கிறான் என்று நினைப்பீர்கள். அதனால் சுட்டுப் பார்த்துவிட்டே எழுதுகிறேன்.

எங்கள் பகுதிக்குப் பொறுப்பானவர் லிண்ட்னர் என்ற இஞ்சினியர் அம்மா. அவரிடம் போய், இரண்டு கட்டிகளை ஒன்றின் பின் ஒன்றாக வைத்து ஒரு சோதனை செய்ய வேண்டும், அது வேலைத்திட்டத்தில் இல்லாதது என்றேன். எதற்கு என்று கேட்டார். சொன்னேன். பாதியில் ஜெர்மன் வார்த்தைகள் வராமல் நின்றுவிட்டேன். "பிள்ளைக்கு எத்தனை வயது?" என்று மட்டும் கேட்டார். பிறகு குளிரறைக்குப் போய் ஒரு கட்டியைத் தானே தூக்கிக்கொண்டு வந்தார். அது அவருடைய வேலை இல்லை.

முதலாவது கட்டி வளர்ந்த ஓர் ஆளின் உடம்பளவு தடிப்பு. அதற்குச் சட்டைத்துணி போர்த்தினோம். இரண்டாவது கட்டியை அதற்குப் பின்னால் வைத்தோம். அன்றைக்கு உங்களில் பட்டது மாதிரியான, உறை போட்ட அந்தச் சாதாரண ரவையால் முதலில் ஓரத்தில் சுட்டார்கள். தாண்டி இரண்டாவது கட்டிக்குள் போனது. புதுக்கட்டிகள் வைத்து நட்டநடுவில் சுட்டார்கள். அதுவும் தாண்டி இரண்டாவது கட்டிக்குள் போனது.

நடுவில் பட்டாலும் தாண்டும், அத்தான். முதுகெலும்பில் நேரே பட்டால் திசை மாறலாம், நிற்கவும் கூடும். அதையும் மறைக்காமல் சொல்கிறேன். ஆனால் அப்படிக் கணக்குப் பார்த்துப் போய் நிற்க ஒரு மனிதனாலும் ஏலாது.

நீங்கள் விலகினீர்களா என்று எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. கட்டி விலகாது. அதற்குப் பயம் இல்லை, வெடிச் சத்தம் கேட்காது, வைத்த இடத்தில் இருக்கும். அதையே தாண்டிப் போய்விட்டது. அன்றைக்கு நீங்கள் செய்யக்கூடியது எதுவோ அதைச் செய்தீர்கள். அதற்கு மேல் ஓர் உடம்பால் ஏலாது.

கடைசியில் லிண்ட்னர் அம்மா, தேர்வில் இருக்கும் புது ரவை ஒன்றையும் சுடச் சொன்னார். அது முதலாவது கட்டியிலேயே நின்றுவிட்டது. இரண்டாவது கட்டியில் ஒரு கீறலும் இல்லை.

அன்புடன்,
பென்ஜமின்


பேசாலை
14.3.1999

தம்பி பென்ஜமின்,

சுகம். நீங்கள் சுகம்தானே.

நீ அத்தானுக்கு என்ன எழுதினாய்? சுவாமியார் அவர் கையில் ஓர் உறை கொடுத்ததை நான் கோயில் வாசலில் கண்டேன். உன் எழுத்து எனக்குத் தெரியாதா? அதற்குப் பிறகு மனுசன் மனுசனாக இல்லை. கடையைத் திறக்காமல் கடற்கரையில் போய் இருக்கிறார். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் வருகிறார், பிசைகிறார், எழும்பிப் போகிறார். சட்டைப் பையில் அந்தக் கடிதம் இருக்கிறது. தோய்க்கப் போடும்போது எடுத்து வைக்கிறேன். நான் வாசிக்கவில்லை.

அந்த நாளைப் பற்றியதாக இருந்தால் எனக்கு ஒன்றும் அறியத் தேவையில்லை. அறிந்து என்ன செய்ய? நான் இவ்வளவு காலமும் அறியாமல்தான் குடும்பத்தைக் கொண்டுபோகிறேன்.

அவருக்கு ஏதும் ஆகிவிட்டால் உன்னோடு பேசமாட்டேன்.

கொறற்றி


பேசாலை
11.4.1999

அன்புள்ள பென்ஜமின்,

உயிர்த்த ஞாயிறு வாழ்த்துகள். எல்லோரும் சுகம். இந்த முறை அதை மனமறிந்து எழுதுகிறேன்.

உமது கடிதத்தைக் கடையில் வைத்து வாசித்தேன். வாசித்துவிட்டு அரிசி மூட்டையில் இருந்தேன். வாடிக்கைக்காரர் நாகமுத்து வந்து மண்ணெண்ணெய்க்குக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, தானே ஊற்றிக்கொண்டு போனார். இத்தனை காலமும் நான் சுமந்தது கீழே இறங்கியதும் சந்தோசம் வரும் என்று நினைத்தேன். வந்தது அது இல்லை. அதுவரை நான் விலகினேனா என்பதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அது போனதும் பிள்ளை மட்டும் மிஞ்சினாள். அப்போதுதான் அவளுக்காக அழுதேன். கொறற்றி பயந்து போயிருப்பா.

பெரிய வியாழன் பூசை முடிந்து வந்து, அவ குசினியில் தேங்காய் திருவிக்கொண்டிருந்தா. வாசலில் நின்று, "பென்ஜமின் எழுதினதை வாசிக்கட்டோ?" என்றேன்.

ஒரு பாதியை முடித்து மற்றப் பாதியை எடுத்தா. பிறகு, "வாசியுங்கோ" என்றா.

வாசித்தேன். திருவுகிற கை நிற்கவில்லை. முடிந்ததும் கேட்டா:

"நடுவிலை பட்டாலும் தாண்டுமாமோ?"

"ஓம். தாண்டுமாம்."

"அந்த இடத்தைத் திருப்பி வாசியுங்கோ."

திருப்பி வாசித்தேன். தேங்காய்ப் பாதியை வைத்துவிட்டுக் கையைக் கழுவினா. "சட்டையைத் தூக்குங்கோ பாப்பம்" என்றா.

ஆஸ்பத்திரியால் வந்ததிலிருந்து அவ அந்தக் காயத்தைப் பார்த்ததில்லை. முன்னுக்கும் பார்த்தா, பின்னுக்கும் பார்த்தா. பின்பக்கத்துத் தழும்பில் ஈரக் கையை வைத்தா. எவ்வளவு நேரம் என்று தெரியாது. அடுப்பில் சோறு அடிப்பிடித்து மணந்தது. அதற்குப் பிறகுதான் எடுத்தா.

இன்னொரு விசயம். புது ரவை முதலாவது கட்டியிலேயே நின்றது என்று எழுதினீர். அந்த முதலாவது கட்டி என்ன ஆனது என்று எழுதவில்லை. நான் அதைக் கவனித்தேன். நீர் எழுதாததால் எனக்கு விளங்கிவிட்டது. அன்றைக்கு அந்த ரவையாக இருந்தால் நான் செத்திருப்பேன். அவள் இருந்திருப்பாள்.

தம்பி, நீங்கள் அங்கே எந்த ரவையைத் தெரிவுசெய்வது என்று யோசிப்பீர்கள். என்னைக் கேட்டால், அது என்னோடேயே நின்றிருக்கலாம்.

அன்பு அத்தான்,
ஜேசுரட்ணம்


மியூனிக்
25.7.1999

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்,

இருவருக்கும் சேர்த்து எழுதுவதே எனக்குச் சந்தோசம். நாங்கள் சுகம். பிறேமாவின் கைகளில் சலவைத் தூளால் வெடிப்பு வந்து, இப்போது மாறி வருகிறது. அக்கா, உங்கள் பங்குனிக் கடிதத்துக்குப் பதில் எழுதாமல் இருந்ததற்குக் கோபிக்க வேண்டாம். அத்தானே வாசித்துக் காட்ட வேண்டியதை நான் முந்திச் சொல்ல விரும்பவில்லை.

அத்தான் பிடித்துவிட்டார். முதலாவது கட்டியைப் பற்றி எழுதாமல்தான் விட்டேன். உறை போட்ட சன்னம் போன கட்டியில் ஓரளவுக்கே அகன்ற பாதைதான் இருக்கும். புதுச் சன்னம் உள்ளே போனதும் நுனி விரிந்து காளான் மாதிரி ஆகும். அந்த விரிவுதான் அதைப் பிடித்து நிறுத்துகிறது. அதே விரிவுதான் உள்ளே கிழிக்கிறது. ஒன்றை விட்டு மற்றதை எடுக்க ஏலாது. அந்தக் கட்டியை வெட்டிப் பார்த்தபோது, அத்தான் உயிரோடு இருப்பதற்கு நான் நன்றி சொன்னேன். அடுத்த நிமிசமே யோசப்பினை நினைத்தேன். பிறகு இரண்டையும் நினைக்க முடியாமல் நிலத்தைக் கழுவினேன்.

இங்கேயும் இதைத்தான் வாதாடுகிறார்கள். சுடப்படுகிறவனும் மனிதன்தானே, அவனை இப்படிக் கிழிக்கிற ரவை வேண்டாம் என்று ஒரு பக்கம். பின்னால் நிற்கிறவர் ஒன்றும் அறியாதவர், அவரைக் காப்பாற்றுங்கள் என்று மறுபக்கம். உணவறையில் ஒருவரோடு ஒருவர் முகம் கொடுத்துப் பேசாத நாட்களும் உண்டு. எனக்கு இரண்டு பக்கமும் சரியாகவே படுகிறது. லிண்ட்னர் அம்மாவிடம் அத்தான் எழுதியதைச் சொன்னேன். அவர் கதவைச் சாத்திவிட்டு, அதை இன்னொரு தரம் மெதுவாகச் சொல்லச் சொன்னார். முடிவு எங்கள் கையில் இல்லை. அது மேலிடத்தில் எடுக்கிறது.

வேறு வேலை தேடுங்கோ என்று பிறேமா முன்பு சொல்லுவாள். இப்போது சொல்வதில்லை. நானும் தேடவில்லை. கட்டிகள் சரியாக வார்க்காவிட்டால் அளவு பிழைக்கும், பிழையான ரவையைத் தெரிவுசெய்துவிடுவார்கள். அதனால் கவனமாக வார்க்கிறேன்.

அக்கா, அந்த நாளைப் பற்றி நீங்கள் எனக்கு ஒன்றும் எழுத வேண்டியதில்லை. சுகம் என்று எழுதினால் போதும்.

உங்கள் தம்பி,
பென்ஜமின்


பேசாலை
7.11.1999

அன்புள்ள தம்பி பென்ஜமின்,

நாங்கள் மூவரும் சுகம். பிறேமாவின் கைக்கு நல்லெண்ணெய் பூசச் சொல். ஆஸ்பத்திரி மருந்து காயவைக்கும், எண்ணெய்தான் வெடிப்பை ஆற்றும்.

உன் ஆடிக் கடிதத்துக்கு இப்போதுதான் எழுதுகிறேன். எழுத இருக்கும்போதெல்லாம் வேறு வேலை வந்துவிட்டது. தச்சுவேலை ஓடாவியைப் பிடித்துப் பின்னறைக் கதவைக் கழற்றி, அதை நெல் வைக்கிற அறையாக்கிவிட்டோம். சாண்ட்ராவுக்கு அம்மாள் வருத்தம் வந்து மாறியது. முகத்தில் ஒரு கொப்புள வடுவும் இல்லை. புரட்டாதியில் அவளுக்கு மன்னாரில் கண்ணாடி எடுத்தோம். மூன்று பேரும்தான் போனோம். பஸ்ஸால் அந்த நிலையத்திலேயே இறங்கியதும் நான் சாண்ட்ராவின் கையைப் பிடித்துக்கொண்டேன். அத்தான், "இஞ்சாலை நிழலாலை வாரும்" என்றார். நடந்து போய்விட்டோம்.

கல்லறைத் திருநாளுக்குச் சேமக்காலைக்குப் போனோம். வழக்கமாக நான் சின்னவளோடு விடியப் போய்விடுவேன். அவர் பின்னேரம் தனியாகப் போவார். இந்த முறை பின்னேரம் சேர்ந்து போனோம். வாடைக்காற்று கடலில் இருந்து நேரே அடித்தது. யோசப்பினின் சிலுவையடியில் மெழுகுதிரி ஏற்றினால், ஏற்ற ஏற்ற நூர்ந்தது. சாண்ட்ரா கையைக் குவித்துப் பிடித்துப் பார்த்தாள். சரிவரவில்லை. பக்கத்தில் ஒரு திரியும் நின்று எரியவில்லை, சனம் வைத்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தது.

அத்தான் காற்று வருகிற பக்கமாகப் போய், கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குந்தினார். நான் திரும்பவும் ஏற்றினேன். அது சாய்ந்து சாய்ந்து எரிந்தது.

"இன்னும் கொஞ்சம் கிட்ட வாங்கோ" என்றேன்.

வந்தார். திரி முடியும்வரைக்கும் அப்படியே இருந்தோம். அவருடைய சட்டை முதுகெல்லாம் மணல் அப்பிப்போய் இருந்தது. வீட்டுக்கு வந்து நான்தான் தட்டிவிட்டேன்.

வேறு விசேசம் இல்லை. உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள். பிறேமாவுக்கும் எங்கள் அன்பு.

உன் அக்கா,
கொறற்றி

பி.கு.: பென்ஜமின், அக்கா கடிதத்தை எனக்கு வாசித்துக் காட்டினா. நான் சேர்க்க ஒன்றும் இல்லை. - அத்தான்